மஜ்ஜை மாற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோதே தலசீமியா மேஜர் என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறோம். இப்போது அவன் அக்காவின் மஜ்ஜை முழுதாகப் பொருந்தியிருக்கிறது, இரண்டு மாதத்தில் போன் மேரோ மாற்று செய்துவிடலாம் என்கிறார்கள். கையெழுத்துப் போடச் சொன்ன படிவத்தில், பிற்காலத்தில் குழந்தைப்பேறு பாதிக்கப்படலாம் என்று ஒரு வரி இருந்தது. வீட்டில் அதைப் பற்றிப் பேச்செடுத்தேன். "பிள்ளை உயிரோட திரும்பி வரட்டும், ஒன்பது வயசுப் பையனுக்கு இப்ப என்ன அந்தப் பேச்சு?" என்று மாமியார் அதட்டினார். கணவர் ஒன்றும் சொல்லவில்லை. உறவினர் ஒருவர், பின்னால் ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகிவிடும், மூன்று லட்சம்தான் ஆகும் என்கிறார். விந்தகத் திசுவை எடுத்து உறையவைக்கலாம் என்றும் எங்கோ படித்தேன். எது உண்மை? நான் கேட்டது தவறா?
– பெயர் வேண்டாம், தென்காசி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் கேட்டது தவறே இல்லை. கேட்க வேண்டிய நேரத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள். மாமியார் மேல் வருத்தப்படாதீர்கள். எட்டு வருடத்துக்கும் மேலாக அந்தப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு அலைந்த வீட்டில், பயம் இப்படித்தான் பேசும். ஆனால் இந்த விஷயத்தில் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்பதற்கு இடமில்லை. மஜ்ஜை மாற்றுக்கு முந்தைய மருந்துகள் உடம்பில் ஏறிவிட்டால், பிறகு எடுத்து வைக்க ஒன்றும் மிஞ்சாமல் போகலாம்.

என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். வயதுக்கு வந்த ஆணின் விந்தகத்தில் விந்தணுக்கள் நாள்தோறும் உற்பத்தியாகின்றன. ஒரு விந்தணு உருவாகி முடிக்க ஏறத்தாழ இரண்டரை மாதம் பிடிக்கும். அந்த உற்பத்திக்கு விதைநெல் மாதிரி இருப்பவை, விந்தகத்தின் நுண்குழாய்ச் சுவரை ஒட்டி இருக்கும் ஸ்டெம் செல்கள். உங்கள் மகனிடம் விந்தணு இன்னும் கிடையாது, ஆனால் அந்த விதைநெல் பிறந்ததிலிருந்தே இருக்கிறது. அக்காவின் மஜ்ஜைக்கு இடம் கொடுப்பதற்காக அவனுடைய பழைய மஜ்ஜையை முதலில் பலமான மருந்துகளால் அழிக்க வேண்டும். புசல்ஃபான், சைக்ளோபாஸ்பமைடு போன்ற அந்த மருந்துகள், விந்தகத்தில் இருக்கும் ஸ்டெம் செல்களையும் விட்டுவைப்பதில்லை.

ஆண் ஹார்மோன் சுரக்கும் செல்கள் வேறு. அவை இந்த மருந்துகளை ஓரளவு தாங்கும். ஆகவே பெரும்பாலான பையன்களுக்கு மீசை முளைப்பது, குரல் உடைவது எல்லாம் நடக்கும். தாம்பத்திய வாழ்க்கைக்கும் பொதுவாகத் தடை இருக்காது. விந்தணு மட்டும் இல்லாமல் போகலாம். நம் ஊரில் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். உங்கள் கணவர் வாயே திறக்காததற்கு ஒருவேளை இந்தக் குழப்பம்தான் காரணமோ என்று தோன்றுகிறது. அவரிடம் இதைத் தனியாகச் சொல்லுங்கள்.

வயதுக்கு வந்த பையன் என்றால், விந்துவை எடுத்து உறையவைத்துவிடலாம். பல ஊர்களில் செய்கிறார்கள். ஒன்பது வயதில் அந்த வழி இல்லை. ஒரு விந்தகத்திலிருந்து சின்னத் துண்டு திசுவை எடுத்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைப்பது மட்டும்தான் வழி. மஜ்ஜை மாற்றுக்கு முன் மார்பில் ஒரு குழாய் பொருத்துவார்கள் அல்லவா, அதற்குக் கொடுக்கும் அதே மயக்க மருந்திலேயே இதையும் முடித்துவிடுகிற மருத்துவமனைகள் உண்டு.

சரி, எடுத்து வைத்த திசு நாளைக்குப் பயன்படுமா? இங்கே உங்களிடம் ஒன்றைக்கூடக் கூட்டிச் சொல்லக் கூடாது என்று நினைக்கிறேன். இந்த ஆராய்ச்சி 1994இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எலிகளில் வேரூன்றியது. ரால்ஃப் பிரின்ஸ்டர் குழுவினர் ஒரு எலியின் விந்தக ஸ்டெம் செல்களை மலட்டு எலியின் விந்தகத்துக்குள் செலுத்தினார்கள். அங்கே விந்தணு உற்பத்தி தொடங்கியது, குட்டிகளும் பிறந்தன. குரங்குக்கு வர வெகுகாலம் ஆயிற்று. ஒரேகானில் உள்ள குரங்கு ஆராய்ச்சி மையமும் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கைல் ஆர்விக் குழுவும் சேர்ந்து, பருவம் வராத ஆண் குரங்குகளின் விந்தகத் திசுவை உறையவைத்து, பிறகு அதே குரங்குகளின் தோலுக்கடியில் வைத்துத் தைத்தார்கள். குரங்குகள் வளர, திசுவும் வளர்ந்து விந்தணு தந்தது. அதை வைத்து 2018இல் ஒரு பெண் குட்டி பிறந்தது. கிரேடி என்று பெயர். 138 கருமுட்டைகளில் விந்தணுவைச் செலுத்தி, பதினொரு கருக்களை ஆறு தாய்க் குரங்குகளின் வயிற்றில் வைத்த பிறகு கிடைத்தது அந்த ஒரு குட்டிதான். இந்த எண்ணிக்கையையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

மனிதர்களில் இப்போதுதான் தொடக்கம். பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரப் பல்கலைக்கழக மருத்துவமனை 2002 முதலே சிறுவர்களின் திசுவைச் சேமித்து வருகிறது. அங்கே 2008இல், பத்து வயதுப் பையன் ஒருவனுக்குத் திசு எடுத்து வைத்தார்கள். அவனுக்கு சிக்கிள் செல் நோய். உங்கள் மகனுடையது போலவே ரத்தத்தின் பிறவிக் குறைபாடு, உங்கள் மகனைப் போலவே மஜ்ஜை மாற்றுக்காகக் காத்திருந்தவன். அவன் வளர்ந்து, விந்தணு இல்லை என்று தெரிந்து, குழந்தை வேண்டும் என்று திரும்பி வந்தான். அந்தத் திசுவை அவனுக்கே திரும்ப வைத்துத் தைத்துவிட்டதாக 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். உலகிலேயே முதல் முறை. அதே ஆண்டு ஆர்விக் குழுவும், சிறுவயதில் எலும்புப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஓர் இளைஞருக்கு அவருடைய சேமித்த செல்களை ஊசி வழியாக விந்தகத்துக்குள் செலுத்தியதாக எழுதியது. அந்த அறிக்கை வெளியானபோது அவருக்கு விந்தணு வந்திருக்கவில்லை.

ஆகவே இன்று திசு எடுத்து வைப்பது, பேரன் பிறப்பான் என்ற உத்தரவாதம் இல்லை. உங்கள் மகன் தகப்பனாக விரும்பும் வயதுக்கு இன்னும் இருபது வருடம் இருக்கிறது, அதற்குள் இந்த வழி திறக்கலாம் என்ற நம்பிக்கையில் செய்வது அது. எனக்கு அந்த நம்பிக்கை இருக்கிறது. அதற்கு உங்கள் மகனுடைய நோயின் தன்மையும் ஒரு காரணம். ரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளை என்றால், எடுத்து வைத்த திசுவில் புற்றுச் செல் ஒளிந்திருந்து மறுபடி உடம்பில் புகுந்துவிடுமோ என்ற பயம் உண்டு. எலிகளில் செய்த ஒரு சோதனையில் வெறும் இருபது புற்றுச் செல்கள் நோயைத் திரும்பக் கொண்டுவரப் போதுமாக இருந்தன. தலசீமியாவில் அந்தப் பயம் இல்லை. அவனுடைய திசுவை என்றாவது அவனுக்கே வைக்க நேர்ந்தால், இது பெரிய நிம்மதி.

உறவினர் சொன்ன மூன்று லட்ச ரூபாய் ஊசி விஷயத்தில் எனக்கு இரண்டாம் யோசனையே இல்லை, வேண்டாம். இந்தக் குழப்பம் பெயரால் வருகிறது. மஜ்ஜையில் இருப்பதும் ஸ்டெம் செல்தான், விந்தகத்தில் இருப்பதும் ஸ்டெம் செல்தான், ஆனால் மஜ்ஜையுடையது ரத்தத்தை உண்டாக்கும், விந்தணுவை உண்டாக்காது. மஜ்ஜையிலிருந்தோ கொழுப்பிலிருந்தோ எடுத்ததை விந்தகத்தில் குத்தினால் விந்தணு வரும் என்பதற்கு, பணம் வாங்கிக்கொண்டு செய்யும் அளவுக்கு நிரூபணம் கிடையாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்றவற்றைத் தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகளை அனுமதி பெற்ற ஆராய்ச்சியாக மட்டுமே செய்யலாம் என்கிறது. அப்படிப்பட்ட ஆராய்ச்சியில் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. காசு கேட்கிறார்கள் என்றாலே எழுந்து வந்துவிடுங்கள்.

மஜ்ஜை மாற்று டாக்டரிடம் முதலில் எந்த மருந்து, எவ்வளவு அளவு என்று கேளுங்கள். புசல்ஃபானுக்குப் பதிலாக ட்ரியோசல்ஃபான் தரும் முறை நம் நாட்டிலும் தலசீமியாவுக்கு நடைமுறையில் இருக்கிறது. அது விந்தகத்தை அந்த அளவு பாதிப்பதில்லை என்று பார்த்திருக்கிறார்கள். மகனுக்கு அது பொருந்துமா என்பது அவர் முடிவு. மஜ்ஜை நன்றாகப் பிடிப்பதுதான் முதல் காரியம், இதற்காக அதை விட்டுக்கொடுக்கக் கூடாது. பிறகு, திசு சேமிக்கும் வசதி எங்கே இருக்கிறது, அதற்காக மாற்றுத் தேதி தள்ளிப்போகுமா, வருடச் செலவு எவ்வளவு, மகன் பெரியவனானதும் அது யார் பொறுப்பில் இருக்கும் என்று விசாரித்து, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வசதி கிடைக்கவில்லை என்றாலோ, செலவு தாங்காது என்றாலோ உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள். மாற்றுக்குப் பிறகும் சிலருக்கு விந்தணு திரும்புவதுண்டு. பதினெட்டு வயதில் ஒரு பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள். இத்தனை வருடம் ஏற்றிய ரத்தத்தின் இரும்பு, மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் படிந்தும் விந்தணுவைத் தடுக்கும். இரும்பை இறக்கும் மருந்தை இப்போது ஒழுங்காகக் கொடுங்கள். மாற்று முடிந்த பின்னும் இரும்பு அளவைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள்.

திசு எடுப்பது என்று முடிவானால் மகனிடமும் சொல்லுங்கள். "நீ பெரியவனாகி அப்பா ஆக ஆசைப்பட்டால் உதவும் என்று கொஞ்சம் எடுத்து வைக்கப் போகிறார்கள், தூக்கத்திலேயே முடிந்துவிடும்" என்றால் ஒன்பது வயதுக்குப் புரியும். அவன் கேட்கிற கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். அடுத்த தடவை ரத்தம் ஏற்றப் போகும்போதே டாக்டரிடம் இதைப் பேசிவிடுங்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.