மலிவு பிஸ்டலும் மூன்று யோசனைகளும்

கேள்வி: டெக்சாஸில் இருக்கும் என் தம்பி, வீட்டுப் பாதுகாப்புக்கென்று 170 டொலருக்கு 9 மி.மீ. பிஸ்டல் ஒன்று வாங்கினான். ஒரு மகசின் (ரவைகளை அடுக்கும் கூடு) சுட்டு முடிப்பதற்குள் இரண்டு தடவையாவது ரவை சிக்குகிறது. சுட்டுப் பார்த்த துவக்கைத் திருப்பி எடுக்க முடியாது என்கிறார் கடைக்காரர். ஏன் வாங்கினேன் என்று இப்போது புலம்புகிறான். திருத்திப் பார்ப்பதா, பழக்கமான ஒருவருக்கு விற்பதா, அடுத்த வருடம் நிரந்தரமாகக் கொழும்புக்கு வரும்போது கொண்டுவந்து வைத்துக்கொள்வதா என்று கேட்கிறான். என்ன சொல்வது?
– பெயர் வேண்டாம், வெள்ளவத்தை

பதில்: கடைசி யோசனையை இன்றைக்கே மறக்கச் சொல்லுங்கள். இங்கே 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் பிஸ்டலோடு கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கினால், அவனை முதலில் அழைத்துப் போகிறவர் நீங்களாக இருக்கமாட்டீர்கள். தற்பாதுகாப்புக்கென்று முறைப்படி அனுமதி பெற்று வைத்திருந்தவர்களையே, 2024இன் இறுதியில் துப்பாக்கிகளைத் தற்காலிகமாக ஒப்படைக்கச் சொன்னது பாதுகாப்பு அமைச்சு. "அமெரிக்காவில் சட்டப்படி வாங்கியது" என்ற ரசீதுக்கு இங்கே ஒரு பெறுமதியும் இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன்: தம்பி எந்த விசாவில் இருக்கிறான்? கிரீன் கார்ட் என்றால் சரி. மாணவர் விசா, எச்-1பி வேலை விசா போன்ற தற்காலிக விசாவென்றால், ஒருசில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கியோ ரவையோ வைத்திருப்பதே அங்கே மத்திய அரசின் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை அனுமதி வைத்திருப்பது அந்த விதிவிலக்குகளில் ஒன்று. கடையில் நிரப்பிய படிவத்தில் குடியுரிமை பற்றிய கேள்விகள் இருந்தன. அவற்றுக்கு என்ன எழுதினான் என்று கேளுங்கள். பதில் இழுபட்டால் பிஸ்டலைத் திருத்துகிறவரைத் தேடுவதை விட்டு, வழக்கறிஞரைத் தேடச் சொல்லுங்கள்.

இனிப் பிஸ்டல். உற்பத்தியாளரின் பெயரையும் எழுதியிருந்தீர்கள், அதை அச்சிடவில்லை. இந்த விலையில் வரும் பலவற்றின் உள்விவகாரம் ஒன்றுதான். 9 மி.மீ. ரவையின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 இறாத்தல் வரை போகும். விலை கூடிய பிஸ்டல்களில், அழுத்தம் இறங்கும்வரை குழலும் ஸ்லைடும் (சுடும்போது பின்னால் போய்வரும் மேல்பாகம்) ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு நிற்கும். மலிவானவற்றில் அந்தப் பூட்டு கிடையாது. ஸ்லைடின் பாரமும் ஸ்பிரிங்கும்தான் தடுப்பு. அதனால் ஸ்லைடைப் பாரமாகச் செய்யவேண்டியிருக்கிறது. உருக்கில் கடைந்தால் செலவு கூடும் என்று துத்தநாகக் கலவையை அச்சில் வார்க்கிறார்கள். 400 பாகை செல்சியசுக்குள் உருகிவிடும் உலோகம் அது. குழல் மட்டும் உருக்கு. கனமான ஸ்லைட், விறைத்த ஸ்பிரிங், தகட்டை வளைத்துச் செய்த மகசின் மூன்றும் ஒத்துப்போனால் சுடும். மகசினின் உதடு (ரவையைப் பிடித்திருக்கும் மேல்விளிம்பு) அரை மில்லிமீற்றர் விரிந்தாலும் ரவை சேம்பருக்குள் (குழலின் பின்முனையில் ரவை வெடிக்கும் அறைக்குள்) போகாமல் மூக்கை மேலே தூக்கிக்கொண்டு நிற்கும்.

வேண்டிய நேரத்தில் சுடாது என்பதுதான் தம்பியின் கவலை. எனக்கு அதைவிடப் பெரிய கவலை, வேண்டாத நேரத்தில் சுட்டுவிடுமோ என்பது. இரண்டுக்கும் வேர் ஒன்று என்பதற்கு வழக்கே இருக்கிறது. 1994இல் கலிபோர்னியாவில் பிரைக்கோ நிறுவனத்தின் மலிவு பிஸ்டலிலிருந்து ரவையை எடுக்க முயன்றார் ஒருவர். சேப்டியை (தவறி வெடிக்காமல் தடுக்கும் பூட்டை) விடுவித்தால்தான் ஸ்லைடை இழுக்கலாம் என்ற அமைப்பு. விடுவித்தார், வெடித்தது, 7 வயதுப் பையன் ஒருவன் கழுத்துக்குக் கீழே செயலிழந்தான். ரவை சிக்கும் கோளாறை மறைக்கவே சேப்டியை அப்படி மாற்றினார்கள் என்று வாதாடியது பையனின் தரப்பு. 2003இல் ஜூரி விதித்த நட்டஈடு சுமார் 24 மில்லியன் டொலர். கம்பனி வங்குரோத்துக்குப் போனது. மின்கேத்தலில் பிழை வந்தால் சந்தையிலிருந்து திருப்பி எடுக்க வைக்கும் அமெரிக்க நுகர்வோர் ஆணைக்குழுவுக்குத் துப்பாக்கி விடயத்தில் அதிகாரமே இல்லை. ஆகவே சோதிப்பது வாங்கியவன் தலையில்.

சோதனையை வீட்டு மேசையில் தொடங்கலாம். மகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, சேம்பரைக் கண்ணாலும் சின்னிவிரலாலும் பார்க்கவேண்டும். ரவைகள் வேறு அறையில் இருக்கட்டும். வெறுமையான பிஸ்டலில் ஸ்லைடை இழுத்து விட்டு, சேப்டியைப் போட்டு, விசையை நன்றாக அழுத்தி விடவேண்டும். பிறகு விசையைத் தொடாமல் சேப்டியை விடுவிக்கவேண்டும். "டிக்" என்று சத்தம் கேட்டால் கதை முடிந்தது. அதில் இனி ஒரு ரவையும் போடக்கூடாது. சுட்ட ரவையின் வெறும் கோது வெளியேறும் வாசலின் மூலைகளில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். இருந்தால் அதுவும் முடிவுதான். இதில் தேறினாலும், சேம்பரில் ரவையோடு வைக்கக்கூடாது. பயரிங் பின்னை (ரவையின் அடியில் குத்தி வெடிக்கவைக்கும் ஊசியை) தனியாகத் தடுக்கும் பாகம் பல மலிவு மொடல்களில் இல்லை. சீமெந்துத் தரையில் விழுந்தால் வெடிக்கலாம்.

தேறியதைச் சுடுதளத்துக்குக் கொண்டுபோகலாம். மகசின்களில் 1, 2 என்று இலக்கம் எழுதச் சொல்லுங்கள். முதலாவதில் மட்டும் சிக்கினால் குற்றம் மகசினில், புதிது வாங்கினால் போதும். இரண்டிலும் சிக்கினால் ரவையை மாற்றிப் பார்க்கவேண்டும்: பித்தளைக் கோது, முழு உலோக உறையிட்ட, சன்னம் (குழலிலிருந்து பாயும் முனை) 115 கிரெய்ன் எடையுள்ள தொழிற்சாலை ரவை. இரும்புக் கோது, மறுநிரப்பு ரவை எதுவும் வேண்டாம். அடுத்து, அங்குள்ள பயிற்றுநர் சுட்டுப் பார்க்கட்டும். அவர் கையில் ஓடி, தம்பி கையில் சிக்கினால் கோளாறு மணிக்கட்டில். இந்த ரகத்துக்குப் பிடி தளர்ந்தால் ஸ்லைட் முழுத் தூரம் பின்னால் போகாது.

விசையை அழுத்தியும் வெடிக்காவிட்டால் உடனே ஸ்லைடை இழுக்கக்கூடாது. இலக்கை நோக்கியபடியே 30 விநாடி பிடித்திருக்கவேண்டும். தாமதித்து வெடிக்கிற ரவையும் உண்டு. "புஸ்" என்று மெல்லிய சத்தம் வந்து, உதைப்பு இல்லையென்றால் அங்கேயே நிறுத்தவேண்டும். சன்னம் குழலுக்குள் நிற்கக்கூடும், அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும்.

தொடர்ந்து 200 ரவை சிக்காமல் ஓடினால் வைத்துக்கொள்ளலாம். ஓடாவிட்டால் உற்பத்தியாளரின் உத்தரவாதம். தானே பொதி கட்டி அனுப்பவேண்டாம், கைத்துப்பாக்கியைத் தனியாரிடமிருந்து ஏற்பதில் தபாலுக்கும் கூரியருக்கும் கடுமையான கட்டுப்பாடு உண்டு. துப்பாக்கிக் கடை மூலமாகவே போகட்டும்.

விற்கும் யோசனையைத்தான் நான் மன்னிக்கமாட்டேன். நம்பமுடியாதது என்று தெரிந்த பொருளை, அதுவும் பழக்கமான மனிதரின் தலையில், கட்டுவது என்ன நியாயம்? அந்த ஆளின் விசாவையும் விசாரித்தானா? தகுதியில்லாதவர் என்று தெரிந்தும் கொடுத்தால் கொடுத்தவனும் குற்றவாளி. வேறு மாநிலத்தவர் என்றால் உரிமம் பெற்ற வியாபாரி வழியாக மட்டுமே கைமாற்றலாம். கோளாறைச் சொல்லி, உதிரிப்பாகத்துக்கென்று துப்பாக்கி திருத்துகிறவரிடம் கொடுக்கலாம். பொலிஸில் ஒப்படைப்பதென்றால் முழுவதையும் அழிப்பார்களா என்று எழுத்தில் கேட்கட்டும். சில இடங்களில் சட்டகத்தை (பிடியுள்ள அடிப்பாகத்தை) மட்டும் நசுக்கிவிட்டு மிச்சப் பாகங்களை விற்றுவிடுகிறார்கள்.

இதற்கெல்லாம் சில வாரங்கள் எடுக்கும். அதுவரை: வாங்கிய பெட்டிக்குள் அநேகமாகக் கம்பிப் பூட்டு ஒன்று கிடக்கும். கைத்துப்பாக்கியோடு பூட்டோ பாதுகாப்புப் பெட்டியோ கொடுக்கவேண்டும் என்று 2005இல் அங்கே சட்டம் நிறைவேற்றினார்கள். கோது வாசலால் கம்பியை விட்டு, மகசின் குழிவழியாக வெளியே எடுத்துப் பூட்டி, சாவியைத் தனியாக வைக்கச் சொல்லுங்கள்.