ஆறாத பாதப் புண்ணுக்குப் புதுக் களிம்பு போடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது, சர்க்கரை நோய். பெருவிரலுக்கு அடியில் வந்த புண் இரண்டு மாதமாக ஆறவில்லை. வலியே இல்லை என்கிறார். புதிதாக வந்திருக்கும் ஜெல், களிம்பு எதையாவது போடலாமா?

பதில்: வலி இல்லை என்பதுதான் எனக்குக் கவலை. மரத்துப்போன காலில், புண்மேலேயே பாரத்தை வைத்து நடந்துகொண்டிருப்பார். புதிதாக வளரும் சதை ஒவ்வோர் அடியிலும் நசுங்கும். அதனால்தான் இந்த வகைப் புண்ணுக்குப் பெரும்பாலும் முதல் சிகிச்சை, புண்மேல் பாரம் விழாதபடி முழங்கால்வரை போடும், மாவுக்கட்டு மாதிரியான, கழற்ற முடியாத கட்டு. கழற்றக்கூடிய காலணி கொடுத்தால், பாத்ரூம் வரைக்கும்தானே என்று விட்டுவிட்டுப் போவார்கள். அந்த நாலு அடி போதும், புண் பழையபடி ஆகிவிடும்.

புண்ணின் ஓரம் வெள்ளையாகத் தடித்திருக்கிறதா பாருங்கள். அந்தக் காய்ப்பை மருத்துவர்தான் சீவி எடுக்க வேண்டும். பாதத்துக்கு ரத்தம் சரியாக வருகிறதா, கிருமி எலும்புவரை போயிருக்கிறதா என்பதையும் பார்த்தாக வேண்டும். இதுவரை எக்ஸ்ரே எடுக்கவில்லை என்றால் கேட்டு எடுங்கள்.

சரி, மருந்துக்கு வருவோம். சதை வளரத் தூண்டும் பெகாப்ளெர்மின் ஜெல் அமெரிக்காவில் 1997இலேயே அனுமதி பெற்றது. ரத்த ஓட்டம் நன்றாக உள்ள புண்ணுக்கானது. ரத்த ஓட்டம் ஓரளவு குறைந்து, தொற்று இல்லாமல் இருந்தால் சுக்ரோஸ் ஆக்டாசல்ஃபேட் கலந்த கட்டுத்துணியைப் பற்றிக் கேளுங்கள். என் நம்பிக்கை இதில்தான் அதிகம். 2018இல் வந்த ஆய்வில், 20 வாரத்தில் 48% பேருக்குப் புண் மூடியது. மருந்தில்லாத அதே துணி போட்டவர்களில் 30% பேருக்குத்தான் மூடியது.

இன்னொன்று, தைவானில் 2021இல் அனுமதி பெற்ற ஓஎன்101 களிம்பு. அதில் இருப்பது நமக்குத் தெரிந்த வல்லாரையும் கற்பூரவல்லியும்தான். 16 வாரத்தில் சுமார் 61% பேருக்குப் புண் ஆறியது, ஈரம் உறிஞ்சும் கட்டுத்துணி மட்டும் போட்டவர்களில் 35%. இதைப் படித்ததும் இலையைப் பறித்து அரைத்துப் பூசத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். களிம்பில் இருப்பது சுத்திகரித்து அளவு பார்த்துச் சேர்த்த சாறு. அரைத்த இலையோடு மண்ணும் கிருமியும் சேர்ந்தே புண்ணுக்குள் போகும்.

இன்றைக்கே புண்ணுக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். காலில் பாரம் விழாமல் பார்த்து, காய்ப்பையும் சீவிய பிறகு நாலு வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாகக் குறைய வேண்டும். குறையாவிட்டால் அந்தப் போட்டோவோடு போய் இந்த மருந்துகளைப் பற்றிப் பேசுங்கள். நடுவில் சிவப்பு பரவினாலோ, நாற்றம் அடித்தாலோ, விரல் கறுத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ நாலு வாரம் காத்திருக்காதீர்கள், அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.