பாட்டு இறக்கினால் பட்டாளத்தில் என்ன நடக்கும்?

கேள்வி: என் மகன் கிரீன் கார்டோடு அமெரிக்க இராணுவத்தில் சேர்ந்தவன். முகாம் இன்டர்நெட்டில் டொரன்ட் போட்டுத் தமிழ்ப் பாட்டுகள் இறக்கியிருக்கிறான். அதிகாரி கூப்பிட்டு விசாரித்தாராம். 'மறியலுக்குத்தான் போவாய்' என்று அறையில் கூட இருக்கும் பெடியன் வெருட்டுகிறானாம். எனக்கு நித்திரையே இல்லை, ஐயா.
– ஒரு தாய், கோண்டாவில்

பதில்: அம்மா, மறியலை முதலில் மனதிலிருந்து எடுங்கள். சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. ஆனால் கேட்பதற்காக நாலு பாட்டு இறக்கியவன் பெரும்பாலும் அந்த அளவுக்குப் போவதில்லை. 2002இல் அமெரிக்காவின் அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரியில் இதே சந்தேகத்தில் நூறு வரையான கணினிகளைப் பறித்தார்கள். அடுத்த வருடம் 85 மாணவர்கள்மீது ஒழுக்காற்று நடவடிக்கை எடுத்தார்கள்.

பாட்டுத் திருட்டு ஒரு குற்றம், முகாம் இணைப்பை விதி மீறிப் பாவித்தது இன்னொன்று. உங்கள் மகனைக் கடிக்கப்போவது இரண்டாவதுதான். இராணுவச் சட்டக்கோவையின் 92ஆம் பிரிவு, கட்டளையை மீறிய குற்றம். சின்ன விஷயமென்றால் 15ஆம் பிரிவின் கீழ் கட்டளை அதிகாரியே விசாரித்து முடிப்பார். சம்பள வெட்டு, பதவி இறக்கம், மேலதிக வேலை என்று தண்டனை வரும்.

பாட்டுக் கம்பனி தனியாக வழக்குப் போடலாம். ஒரு பாட்டுக்கு நட்டஈடு 750 டொலரிலிருந்து 30,000 வரை, வேண்டுமென்றே செய்ததென்றால் 150,000 வரை. மினசோட்டாவில் ஒரு பெண்ணுக்கு 24 பாட்டுகளுக்கு 222,000 டொலர் விழுந்தது. டொரன்டில் இறக்கும்போதே மற்றவர்களுக்கும் பகிர்கிறோம். 'நான் கேட்கத்தானே எடுத்தேன்' என்ற கதை அங்கே எடுபடாது.

லீவில் கோண்டாவிலுக்கு வந்து இறக்கினாலும் அந்தச் சட்டக்கோவை கூடவே வரும். அதற்கு மேல் எங்கள் இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் இருக்கிறது: ஆறு மாதம் வரை சிறை, ஐந்து இலட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். அதை நம்மூர்ப் பாட்டுக் கடைக்காரர் யாரும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை, அது வேறு கதை.

நான் யோசிப்பது குடியுரிமையைப் பற்றித்தான். படைச்சேவையால் கிடைத்த குடியுரிமையை, ஐந்து வருடம் நல்லபடி சேவை முடிக்குமுன் கெட்ட பெயரோடு விலக்கப்பட்டால் பறிக்கவும் முடியும். இன்னும் எடுக்கவில்லையென்றால், நன்னடத்தையைப் பார்க்கும்போது இந்தப் பதிவும் கண்ணில் படும். ஆகவே சின்னத் தண்டனைதானே என்று வாசிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். இராணுவச் சட்டக்கோவையின் 31ஆம் பிரிவின்படி தனக்கெதிராக அவன் வாய் திறக்கத் தேவையில்லை. இராணுவமே இலவசமாகத் தரும், அவன் பக்கம் வாதாடும் சட்டத்தரணியை முதலில் சந்திக்கட்டும்.

இன்னொன்று, அம்மா. 'எல்லாவற்றையும் அழித்துவிடு மகன்' என்று போனில் சொல்லிவிடாதீர்கள். விசாரணை தொடங்கியபிறகு லப்டொப்பில் கை வைத்தால் அது சாட்சியத்தை அழித்த குற்றம். பாட்டு இறக்கியதைவிட அது பாரதூரமானது.