45 வயதுக்கு மேல் இன்கா பாதையில் நடந்து மச்சு பிச்சு போக முடியுமா? ரயிலில் போனால் போதாதா?

முடியும். பெரு நாட்டில், ஸ்பானியர்கள் வரும் முன் ஆண்ட இன்காக்கள் மலை மேல் கட்டிய பழைய நகரம் மச்சு பிச்சு. அதற்கு அவர்கள் போட்ட பாதையில் நடப்பதைத்தான் கேட்கிறார்கள். நான் போனபோது எனக்கு 46 வயது. வலது முழங்காலில் தேய்மானம் ஆரம்பித்துவிட்டது என்று டாக்டர் சொல்லி ஒரு வருடம் ஆகியிருந்தது. ஓட்டம், ஜிம் எதுவும் கிடையாது. நாலு மாதம் தினமும் விடியற்காலையில் மலைக்கோட்டைப் படி ஏறி இறங்கினேன். திருச்சிக்காரிக்கு அதற்கு மேல் என்ன பயிற்சி வேண்டும்?

ஆனால் முழங்காலைவிட உயரம்தான் ஆளைச் சாய்க்கும். நடைக்குக் கிளம்பும் குஸ்கோ நகரமே 3400 மீட்டரில் இருக்கிறது, ஊட்டியைப் போல ஒன்றரை மடங்கு. கடல் மட்டத்தில் இருக்கும் தலைநகர் லிமாவில் விமானம் ஏறி ஒன்றேகால் மணி நேரத்தில் அங்கே கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். முதல் நாள் சாயங்காலம் ஓட்டலில் ஒரு மாடி ஏறியதற்கே நெஞ்சு படபடவென்று அடித்தது. ராத்திரி முழுக்கத் தலைவலி, தூக்கம் இல்லை. வரவேற்பறையில் ஒரு கூடை நிறைய கோகா இலை வைத்திருந்தார்கள். வெந்நீரில் போட்டுக் குடிக்க வேண்டியது. வைக்கோல் ஊறிய தண்ணீர் மாதிரி ஒரு சுவை, ஆனால் கொஞ்சம் இதமாக இருந்தது. (பெருவில் அது சட்டப்படி சரி. நம்மூருக்கு ஒரு பொட்டலம் கொண்டுவர ஆசைப்பட்டால் விமான நிலையத்திலேயே கம்பி எண்ண ஆரம்பிக்கலாம்.) உயரத்தால் வரும் உபாதைக்கான டயமாக்ஸ் மாத்திரையைப் பற்றிக் கிளம்பும் முன் உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எப்படியானாலும் நடை தொடங்கும் முன் மூன்று நாளாவது குஸ்கோ பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். எங்கள் குழுவில் ஓர் இளைஞன், 26 வயது, மாரத்தான் ஓடுபவன், ஒரே நாள் இருந்துவிட்டு நடக்க வந்தான். இரண்டாம் நாள் அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அந்த மூன்று நாளை வீணான நாள் என்று நினைக்காதீர்கள். கொரிகாஞ்சாவுக்குப் போங்கள். இன்காக்களின் சூரியன் கோயில் அது. அதன் சுவர் மேலேயே ஸ்பானியர்கள் சாந்தோ தொமிங்கோ மடத்தைக் கட்டினார்கள். 1950 நிலநடுக்கத்தில் மடம் பெரிய சேதம் கண்டது, அடியில் இருந்த இன்காச் சுவர் நின்றது. சுண்ணாம்பும் கிடையாது சாந்தும் கிடையாது, கல்லுக்குக் கல் இழைத்துப் பொருத்தியது. பிறகு சந்தைக்குப் போங்கள். காய் விற்கிற அம்மா என்னைப் பார்த்து "மாமி, மாமி" என்று கூப்பிட்டதும் ஒரு நொடி ஸ்ரீரங்கத்தில் நிற்கிறேனோ என்று தோன்றியது. அங்கே பெண்களை அன்பாக அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். உருளைக்கிழங்கு மட்டும் ஊதா, கறுப்பு, மஞ்சள், விரல் மாதிரி, முடிச்சு மாதிரி என்று இருபது தினுசு அடுக்கியிருந்தார். கிழங்கின் தாய்வீடே அந்த மலைகள்தானே. ராத்திரிப் பனியில் உறையவிட்டு, பகல் வெயிலில் காயவிட்டு, காலால் மிதித்து நீரை எடுத்துச் செய்கிற சூன்யோ என்ற வற்றலும் இருந்தது. வருடக்கணக்கில் கெடாதாம். நம் வற்றலுக்கு வெயில் போதும், இதற்குப் பனியும் வேண்டும்.

சின்ச்சேரோ என்ற ஊரில் நெசவு பார்த்தோம். ஒரு பாட்டி ஏதோ வேரைத் துருவித் தண்ணீரில் கலக்கினார், சோப்பு மாதிரி நுரை பொங்கியது, அழுக்குக் கம்பளி நூல் வெளுத்து வந்தது. சப்பாத்திக்கள்ளியில் ஒட்டி வாழும் கொச்சினீல் பூச்சி ஒன்றை என் உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் நசுக்கினார். குங்குமம் கரைத்தது போல ஒரு சிவப்பு. அதன் மேல் எலுமிச்சை இரண்டு சொட்டு விட்டதும் ஆரஞ்சாக மாறியது. அந்தக் கறை இரண்டு நாள் கையை விட்டுப் போகவில்லை.

இப்போது இன்கா பாதை. பிஸ்காகூச்சோவில், ரயில் பாதையின் 82-வது கிலோமீட்டரில் தொடங்கி 4 நாள், சுமார் 43 கிலோமீட்டர். தனியாகப் போக அனுமதி இல்லை, உரிமம் உள்ள நிறுவனத்தோடுதான் போக முடியும். ஒரு நாளைக்கு மொத்தம் 500 பேர், அதில் பாதிக்கு மேல் வழிகாட்டிகளும் போர்ட்டர்களும்தான். நமக்கு மிஞ்சுவது 200 சொச்சம். மே முதல் செப்டம்பர் வரை மழை குறைவு என்பதால் கூட்டம் முண்டியடிக்கும், அரை வருடம் முன்னாலேயே பதிவு செய்துவிடுங்கள். பதிவு செய்த அதே பாஸ்போர்ட்டோடு போக வேண்டும், இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. பிப்ரவரியில் பராமரிப்புக்காகப் பாதையை மூடிவிடுவார்கள்.

ஒரு குழுவில் 16 பேர் வரை சேர்க்கலாம். எங்களுடையது 9 பேர், அதுவே கொஞ்சம் அதிகம் என்பேன். குழு சிறியதாக இருந்தால், மெதுவாக நடப்பவளைப் பார்த்து மற்றவர்கள் பெருமூச்சு விட மாட்டார்கள், வழிகாட்டியிடம் கேள்வி கேட்க வரிசையும் இல்லை. ஆனால் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நம் எண்ணிக்கையைவிட அவர்களுடைய எண்ணிக்கையைக் கேளுங்கள். எங்கள் 9 பேருக்கு 14 போர்ட்டர்கள், ஒரு சமையல்காரர். பாதையில் சுமை விலங்குகள் கிடையாது, கூடாரம், காஸ் சிலிண்டர், மேசை, முட்டை வரை எல்லாம் மனிதர் முதுகில்தான் போகிறது. ஒரு காலத்தில் கணக்கு வழக்கு இல்லாமல் ஏற்றினார்கள். 2001-இல் சட்டம் வந்த பிறகு எடைக்கு வரம்பு. தொடக்கத்தில் தராசு வைத்து ஒவ்வொரு மூட்டையையும் நிறுத்தார்கள். எங்கள் போர்ட்டர் ஒருவரின் மூட்டை ஒரு கிலோ கூடுதல் என்று காவலர் சொல்ல, சமையல்காரர் எதுவும் பேசாமல் ஒரு பூசணிக்காயை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

மலிவான விலை யார் தலையில் விடிகிறது என்பதை இரண்டாம் இரவு பார்த்தேன். பக்கத்து முகாமில் வேறொரு குழுவின் போர்ட்டர்கள், எல்லாரும் சாப்பிட்டு எழுந்து போகட்டும் என்று குளிரில் வெளியே காத்திருந்தார்கள். அந்தச் சாப்பாட்டுக் கூடாரத்தின் தரையில்தான் அவர்களுக்குப் படுக்கை. தனிக் கூடாரம் உண்டா, தூங்க விரிப்பு யார் தருகிறார்கள், கூலி எவ்வளவு என்று பணம் கட்டும் முன்னாலேயே கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அடுத்த ஆளைப் பாருங்கள்.

முதல் நாள் சுலபம். ஆற்றோரம் நடை, கீழே படிக்கட்டு வயல்களோடு பட்டாயக்டா இடிபாடு, சாயங்காலம் முகாம். அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் வார்மிவான்யுஸ்கா கணவாய், 4215 மீட்டர். இன்காக்கள் பேசிய கெச்சுவா மொழியில் "வார்மி" என்றால் பெண், "வான்யுஸ்கா" என்றால் செத்துப்போன. கீழேயிருந்து பார்த்தால் மலை முகடு ஒரு பெண் மல்லாந்து படுத்திருப்பது போலத் தெரிவதால் அந்தப் பெயர். மேலே ஏற ஏற, பெயர்க்காரணம் நான்தான் என்று தோன்ற ஆரம்பித்தது. கடைசி ஒரு மணி நேரம் இருபது எட்டு, ஒரு நிறுத்தம், இருபது எட்டு, ஒரு நிறுத்தம். என் பக்கத்தில் போர்ட்டர் ஒருவர் காலுறைகூட இல்லாமல், பழைய டயரை வெட்டித் தைத்த செருப்போடு, முதுகில் 20 கிலோவோடு கடந்து போனார். என்னைவிடப் பெரியவராக இருப்பார். போகிற போக்கில் "ஹாகு" என்றார். வா, போகலாம். மேலே போய்ச் சேர்ந்ததும் வழிகாட்டி மூன்று கோகா இலைகளை விசிறி போல விரித்துப் பிடித்து, சல்காந்தாய் இருந்த திசையைப் பார்த்து ஊதினார். 6271 மீட்டர் மலை அது, அவர்களுக்கு அது ஒரு தெய்வம். இலைகளை ஒரு கல்லுக்கு அடியில் வைத்தார். எங்களையும் செய்யச் சொல்லவில்லை, படம் எடுக்கச் சொல்லவும் இல்லை. அந்த அடக்கம் எனக்குப் பிடித்தது.

மூன்றாம் நாளுக்காகத்தான் நடந்து போக வேண்டும் என்கிறேன். ருன்குராக்கை கணவாயைத் தாண்டியதும் காலடியில் இருப்பது பெரும்பாலும் இன்காக்கள் போட்ட கல்லேதான். இடிபாடுகளைப் பார்க்கப் போகும் வழி என்று நினைத்திருந்தேன். அந்த வழியே ஓர் இடிபாடு என்பது அங்கேதான் உறைத்தது. பள்ளத்தின் ஓரத்தில் தாங்குசுவர் எழுப்பி, நீர் வழிந்தோட வடிகால் விட்டு, குறுக்கே பாறை வந்த இடத்தில் குடைந்து சுரங்கம் போட்டிருக்கிறார்கள். இப்படி ஆண்டிஸ் முழுக்க 30,000 கிலோமீட்டர் சாலை, காபாக் ஞான் என்று பெயர், இன்றைய கணக்கில் ஆறு நாடுகளில் ஓடுகிறது. 2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. செங்குத்தான இடத்தில் வளைத்துப் போகாமல் ஏன் நேராகப் படி வெட்டினார்கள் என்று கேட்டேன். "எங்களிடம் வண்டியும் இல்லை, குதிரையும் இல்லை. மனிதனும் லாமாவும்தான். இரண்டுக்கும் படி ஏறத் தெரியும்" என்றார் வழிகாட்டி.

அவர் குஸ்கோவுக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர். வீட்டில் கெச்சுவா, பள்ளியில் ஸ்பானிஷ், எங்களோடு ஆங்கிலம். அன்று மதியம் நானும் அவரும் கடைசியாக நடந்தோம் (நான் மெதுவாக, அவர் எனக்காக). கெச்சுவாவில் ஏதாவது சொல்லிக் கொடுங்கள் என்றேன். "வாசி" என்றால் வீடு. "வாசிகுனா", வீடுகள். "வாசிகுனாபி", வீடுகளில். நான் நின்றுவிட்டேன். வீடு, கள், இல். சொல்லுக்குப் பின்னால் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே போகும் அதே வரிசை. பிறகு அவர், "ஆங்கிலத்தில் எங்களுக்கு ஒரு குறை உண்டு. எங்கள் மொழியில் இரண்டு 'வீ' இருக்கிறது. கேட்கிற ஆளையும் சேர்த்துக்கொண்டால் ஞொகன்சிஸ், சேர்க்காவிட்டால் ஞொகாய்க்கு" என்றார். நாம், நாங்கள்! எங்களுக்கும் உண்டு என்று சொன்னதும் அவர் என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டார். முன்னால் போன சமையல்காரரைக் கூவி அழைத்து இதைச் சொன்னார். "நான்" என்பதற்கு "ஞொக", மலையாளத்தில் "ஞான்" என்று உடனே யாராவது கிளம்பி விடாதீர்கள். தற்செயல் ஒற்றுமை, சொந்தம் கிடையாது. ஆனாலும் உலகத்தின் மறுகோடியில், மூச்சு வாங்க நிற்கிற இடத்தில், நாம் வேறு நாங்கள் வேறு என்று புரிந்துகொள்கிற ஒருவரைச் சந்தித்தது எனக்குப் பெரிய விஷயம்.

அடுத்து வந்த இடிபாடு புயுபட்டமார்க்கா. அப்படியென்றால் மேகத்துக்கு மேலே உள்ள ஊர். பெயருக்கேற்ற மாதிரி கீழே மேகம் பரந்து கிடந்தது. அங்குள்ள கல் தொட்டிகளில் இன்னும் தண்ணீர் விழுகிறது. அதிலிருந்து வின்யாய் வாய்னா என்ற இடிபாட்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் இறக்கம், முழுக்கப் படி. என் முழங்கால் அழுதது ஏற்றத்தில் அல்ல, இங்கேதான். கைத்தடி இரண்டு கட்டாயம், நுனியில் ரப்பர் குப்பி இருக்க வேண்டும், இரும்பு நுனிக்கு அனுமதி இல்லை. கழிவறைகளைப் பற்றி ஒன்றும் கேட்காதீர்கள்.

அன்று இரவு போர்ட்டர்களுக்கு விடை கொடுத்தோம், மறுநாள் விடியுமுன் அவர்கள் ரயிலைப் பிடிக்க இறங்கிவிடுவார்கள். வட்டமாக நின்று ஒவ்வொருவரும் ஒரு வார்த்தை சொன்னோம். நான் படித்த கெச்சுவாவைக் காட்டிவிடலாம் என்று எல்லாரையும் சுட்டி "ஞொகாய்க்கு" என்றேன். சமையல்காரர் தலையை ஆட்டினார். அவர்கள் பக்கம் கையைச் சுழற்றி, என் பக்கம் கொண்டுவந்து, "ஞொகன்சிஸ்" என்றார். பதினாலு பேரும் சிரித்தார்கள். தமிழச்சி அந்தத் தப்பைச் செய்யலாமா?

நாலாம் நாள் அதிகாலை மூன்றரைக்கு எழுந்து, சோதனைச் சாவடி திறக்கும் வரை இருட்டில் காத்திருந்து, சூரிய வாசல் எனப்படும் இன்டிபுங்குவை அடைந்தோம். கீழே மச்சு பிச்சு. இன்கா பேரரசர் பச்சாகூட்டி காலத்தில், 15-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. 1911-இல் ஹைரம் பிங்கம் என்ற அமெரிக்கர் "கண்டுபிடித்தார்" என்று பள்ளியில் படித்தோம். அவருக்கு வழி காட்டியவர் மெல்சோர் ஆர்தியாகா என்ற உள்ளூர் விவசாயி, அதற்கு முன்னாலேயே, 1902-இல், அகுஸ்தின் லிசராகா அங்கே போய் வந்திருக்கிறார். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ரயிலிலும் பஸ்ஸிலும் குளித்து வந்த கூட்டத்துக்கு நடுவே நாலு நாள் அழுக்கோடு நின்றபோது, என் மனசு பின்னாலேயே இருந்தது.

ரயிலில் போனால் போதாதா என்றால், மச்சு பிச்சுவைப் பார்க்க மட்டும் என்றால் போதும். வயதான பெற்றோர் கூட வந்தால் ரயில்தான் சரி. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது: ரயிலில் 104-வது கிலோமீட்டரில் இறங்கி ஒரே நாள் நடந்தால், வின்யாய் வாய்னாவையும் சூரிய வாசலையும் தாண்டி மச்சு பிச்சுவுக்குள் போய்விடலாம். பெரிய கணவாய் கிடையாது, கூடாரம் கிடையாது. அதற்கும் அனுமதிச் சீட்டு முன்கூட்டியே வாங்க வேண்டும். என் அக்காவுக்கு 58 வயது, அவளுக்கு அதைத்தான் சொல்லியிருக்கிறேன்.