டியு-22எம்3: அவ்வளவு வேகம் எதற்கு?

வணக்கம். ரஷ்யாவின் டியு-22எம்3 குண்டுவீச்சு விமானம் மணிக்கு 2,300 கி.மீ. வேகம் போகும் என்கிறார்கள். அந்த வேகத்திலேயே போய் நகரத்தின் மேல் குண்டு போட்டுவிட்டு வந்துவிடலாமே? ஏன் நூற்றுக்கணக்கான கி.மீ. தள்ளி நின்று ஏவுகணை விடுகிறார்கள்? இது அமெரிக்கா வரை போகுமா?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்த 2,300 மேல்வானத்தில் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் கிடைக்கிற வேகம். மிச்ச தூரமெல்லாம் ஒலியைவிட மெதுவாகத்தான். ஆஃப்டர்பர்னர் (எஞ்சினின் பின்பகுதியில் கூடுதல் எரிபொருளை எரித்து வேகம் கூட்டும் அமைப்பு) போட்டால் இரண்டு என்கே-25 எஞ்சின்களும் தலா 25 டன் உந்துவிசை தரும். எரிபொருளும் தண்ணீர்பட்ட பாடாகிவிடும். ஓடுபாதையில் 20 பாகையில் விரிந்திருக்கும் இறக்கைகளைப் பாயும்போது 65 பாகை வரை பின்னால் மடக்குவார்கள்.

அந்தப் பாய்ச்சல் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்களை மனதில் வைத்தது. வேவு விமானங்கள் கப்பலைத் தேடித் தரும் (உண்மையில் கஷ்டமான வேலை அதுதான்). பிறகு ஒரு படையணியே பல திசைகளிலிருந்து வந்து ஏவுகணையை விட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். ஃபீனிக்ஸ் ஏவுகணைகளோடு அன்றைய அமெரிக்க எஃப்-14 போர் விமானங்கள் குறுக்கே வருவதற்குள் இதெல்லாம் முடிய வேண்டும். வேகம் ஏவும் இடத்தை எட்டுவதற்கும் தப்பி ஓடுவதற்கும்தான்.

ஏவுகணை கேஎச்-22. 11 மீட்டருக்கு மேல் நீளம், ஏறக்குறைய 6 டன் எடை. மூன்று மாட்டலாம், ஆனால் தூரமும் வேகமும் அடிவாங்கும் என்பதால் ஒன்றோ இரண்டோதான் வழக்கம். கழற்றிவிட்டதும் முதலில் கீழே விழும், பிறகு எஞ்சின் பற்றி 20 கி.மீ.க்கு மேல் ஏறும், கடைசியில் மேலிருந்து இலக்கின் மேல் பாயும். எரிபொருளை எரிக்க நைட்ரிக் அமிலம் நிரப்புகிறார்கள். அது கசிந்தால் உலோகத்தை அரிக்கும், ஆவி நுரையீரலைப் பொசுக்கும். நிரப்புகிறவர்கள் ரப்பர் உடையும் முகமூடியும் இல்லாமல் கிட்டப் போக முடியாது.

வெறுங்கடலில் ஒரு பெரிய இரும்புக் கப்பலைப் பிடிக்கச் செய்த ரேடார் இதன் மூக்கில் இருக்கிறது. ஊருக்குள் எல்லாக் கட்டடமும் எதிரொலிக்கும், எதைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. 2022 ஜூன் 27இல் கிரெமென்சூக் வணிக வளாகத்திலும், 2023 ஜனவரி 14இல் நிப்ரோ அடுக்குமாடிக் குடியிருப்பிலும் விழுந்தது இதுதான் என்கிறது உக்ரைன்.

தலைக்கு மேல் வந்து குண்டு போட்டதும் உண்டு. ஆப்கானிஸ்தானிலும் சிரியாவிலும் இது பறக்கும் உயரத்தை எட்டும் ஏவுகணை எதிராளியிடம் இல்லை. 2008 போரில் ஜார்ஜியாவிடம் இருந்தது. ஒரு டியு-22எம்3 விழுந்தது. உக்ரைனிடம் அதைவிட அதிகம் இருக்கும்போது எந்தத் தளபதி நகரத்தின் மேலே அனுப்புவார்?

அமெரிக்கா வரை போவதற்கு வானில் எரிபொருள் நிரப்ப வேண்டும். 1979இல் அமெரிக்காவோடு நடந்த சால்ட்-2 அணு ஆயுதக் கட்டுப்பாட்டுப் பேச்சில், அப்படி நிரப்பித் தூரத்தைக் கூட்ட மாட்டோம், ஆண்டுக்கு 30க்கு மேல் தயாரிக்கவும் மாட்டோம் என்று சோவியத் தலைவர் பிரெஷ்னெவ் எழுதிக் கொடுத்தார். மூக்கிலிருந்த எரிபொருள் குழாயையும் கழற்றிவிட்டார்கள்.