கேள்வி - பதில்: நல்லவர்கள்தான், பணம் கொடுக்கலாமா?

கேள்வி: சூரிய மின் கூட்டுறவு ஒன்று தொடங்கப் பங்கு கேட்கிறார்கள். நடத்துபவர்கள் தெரிந்தவர்கள், நல்லவர்கள். நம்பிப் பணம் போடலாமா?

பதில்: நல்லவர்கள், சரி. கணக்கைக் காட்டுவார்களா?

ஒரு சின்னக் கூட்டுறவில் மூன்று வருடம் நான் பொருளாளர். ஒருமுறை இன்வெர்ட்டர் (பேனலில் வரும் மின்சாரத்தை வீட்டில் பயன்படும் மின்சாரமாக மாற்றும் கருவி) பழுதாகி 11 நாள் மின் உற்பத்தி நின்றுபோனது. சொல்லச் சங்கடப்பட்டு வாயை மூடிக்கொண்டோம். மாதக் கடைசியில் மின் உற்பத்தி அளவு குறைந்ததை உறுப்பினர்கள் பார்த்ததும், 'பணத்தைச் சுருட்டிவிட்டார்கள்' என்று பேச்சு கிளம்பியது. என் வீட்டுக்காரியே ஒரு மாதிரி பார்த்தாள்! அப்புறம்தான் தினமும் மீட்டர் அளவைப் பலகையில் எழுதிப் போட ஆரம்பித்தோம். பேச்சு அடங்க ஆறு மாதம் ஆயிற்று.

மக்களைக் கேட்டு நடந்த கூட்டுறவும் உண்டு. டென்மார்க்கில் கோபன்ஹேகனை ஒட்டிய கடலில் 2000-இல் எழுந்த மிடெல்குருண்டன் காற்றாலைகளில் பாதி, தொடங்கியபோது 8,000-க்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் கூட்டுறவுக்குச் சொந்தமாக இருந்தது. முதலில் மூன்று வரிசையில் 27 காற்றாலைகள் என்றுதான் திட்டம். மக்களிடம் கருத்துக் கேட்டபின், ஒரே வளைவில் 20 என்று மாற்றினார்கள். கேட்டதோடு நிற்காமல் மாற்றவும் செய்தார்கள் பாருங்கள், அது எனக்குப் பிடித்தது.

எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதானா என்று விசாரியுங்கள். விலக நினைத்தால் பணம் எப்போது திரும்பும்? பேனல் 25 வருடம் உழைக்கலாம். இன்வெர்ட்டரை நடுவில் ஒருமுறையாவது மாற்ற வேண்டிவரும். அதற்குத் தனியாக ஒதுக்குகிறார்களா? இதையெல்லாம் கேட்கும்போது 'எங்களை நம்பவில்லையா?' என்று கோபித்துக்கொண்டால், பணத்தை எடுத்து நீட்டாதீர்கள்.