மன்னன் எவ்வழி, யார்க் எவ்வழி? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தின் யார்க் நகர வரலாற்றை வாசித்துக்கொண்டிருக்கிறேன். 1534 முதல் 1559 வரை, 25 ஆண்டுகளில் நான்கு முறை, பழைய கத்தோலிக்கத்துக்கும் போப்பை விலக்கிய புதிய சமயத்துக்கும் இடையே, அரச மதம் மாறியிருக்கிறது. ஊரும் ஒவ்வொரு முறையும் கூடவே மாறுகிறது. மன்னன் எவ்வழி மன்னுயிர் அவ்வழி என்பது இவ்வளவு எளிதில் நடக்குமா? அந்த மக்களுக்கென்று நம்பிக்கையே இல்லையா? விரைவில் அங்கே போகிறேன். எதைப் பார்க்கலாம்?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

எளிதில் நடக்கவில்லை. மன்னர் எட்டாம் ஹென்றி கத்தோலிக்க மடாலயங்களை மூடத் தொடங்கியதும் 1536இல் இங்கிலாந்தின் வடபகுதியே கிளர்ந்தது. ராபர்ட் ஆஸ்க் என்ற வழக்கறிஞரின் தலைமையில் வந்த கூட்டத்துக்கு யார்க் கதவைத் திறந்துவிட்டது. அரசர் தரப்பு மன்னிப்பும் பாராளுமன்றமும் வாக்களித்துக் கூட்டத்தைக் கலைத்தது. மறு ஆண்டே ஆஸ்கை யார்க் கோட்டையில் சங்கிலியில் தொங்கவிட்டார்கள். 1541இல் ஹென்றி நேரில் வந்தபோது நகரத்தார் எல்லைக்குப் போய் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார்கள். நீங்கள் வாசித்த ‘ஊர் மாறியது’ என்பது இந்த மண்டியிடல்தான்.

ஆனால் என்னை அதிகம் உறுத்துவது நாடகங்களின் கதை. ஆண்டுதோறும் கார்ப்பஸ் கிறிஸ்டி (கிறிஸ்துவின் திருவுடல்) திருநாளில் விடியற்காலையில் தொடங்கி, உலகப் படைப்பு முதல் இறுதித் தீர்ப்பு வரை தெருத்தெருவாக வண்டிகளில் நடித்துக்கொண்டு போவார்கள். ஒவ்வொரு காட்சியும் ஒரு கைத்தொழில் குழுவின் பொறுப்பு. நோவாவின் கப்பலைக் கட்டும் காட்சி கப்பல் தச்சர்களுக்கு, இறுதி இராவுணவு ரொட்டி சுடுபவர்களுக்கு, கிறிஸ்துவின் மரணம் கசாப்புக்காரர்களுக்கு. அந்த ஊரில் மதம் என்பது கையும் தொழிலும் சேர்ந்த ஒன்று. ஹென்றியின் மகன் எட்வர்ட் காலத்தில் மாதாவின் காட்சிகளை மட்டும் நீக்கினார்கள். அவருக்குப் பின் கத்தோலிக்கரான அக்கா மேரி அரசியாக வந்ததும் அவை திரும்பின. புதிய சமயத்தைத் திரும்பக் கொண்டுவந்த அடுத்த அரசி எலிசபெத் காலத்தில், 1569க்குப் பிறகு, நாடகம் முழுவதுமே நின்றது. 1580இல்கூட நகர மக்கள் மேயரிடம் போய், இந்த ஆண்டு நாடகம் போடலாமா என்று கேட்டிருக்கிறார்கள். பதினோரு ஆண்டுகள் கழித்தும் கேட்கிறார்கள் என்றால், நம்பிக்கையே இல்லையா என்ற உங்கள் கேள்விக்கு அதைவிட வேறென்ன பதில் வேண்டும்?

மார்கரெட் கிளித்ரோவையும் சொல்ல வேண்டும். கசாப்புக்காரர் ஒருவரின் மனைவி. எலிசபெத் முடிசூடியபோது சிறுமி; புதிய சமயத்தில் வளர்ந்தவர். பழைய நாட்களின் ஏக்கத்தால் அல்ல, வயது வந்தபின் தானே யோசித்துத்தான் கத்தோலிக்கரானார். கணவர் அரச மதத்திலேயே இருந்தார். மனைவி தேவாலயத்துக்கு வராததற்கு அபராதமும் கட்டினார். ஒரே வீட்டுக்குள் இரண்டு வழி. அன்று தடைசெய்யப்பட்டிருந்த கத்தோலிக்கப் பாதிரியார்களுக்கு அடைக்கலம் தந்த குற்றத்துக்கு 1586 மார்ச்சில் மார்கரெட்டைப் பிடித்தார்கள். குற்றத்தை ஒப்புகிறாயா மறுக்கிறாயா என்று கேட்டதற்குப் பதில் சொல்ல மறுத்துவிட்டார். விசாரணை நடந்தால் பெற்ற பிள்ளைகளையே சாட்சிக்கு இழுப்பார்கள். பதில் சொல்லாதவர்களுக்கு அன்றைய சட்டம் வைத்திருந்த தண்டனை, உடல்மேல் பாரம் ஏற்றி நசுக்குவது. மார்ச் 25 அன்று ஊஸ் நதிப் பாலத்தருகே அது நடந்தது. அந்த ஆண்டு யார்க்கின் மேயர் மார்கரெட்டின் மாற்றாந்தந்தை. இதை வாசித்த பிறகு அந்தப் பழமொழியை அப்படியே ஏற்க என்னால் முடியவில்லை. மன்னர் சொன்ன வழியில் ஊர் போனதென்றால், இப்படி வீடு வீடாகப் பிளந்துதான் போனது.

மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில், 1644இல் யார்க் முற்றுகையிடப்பட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாராளுமன்றப் படையிடம் நகரம் சரணடைந்தபோது, தேவாலயங்களைச் சிதைக்கக் கூடாது என்பதை உடன்பாட்டிலேயே எழுதிக்கொண்டார்கள். படைத் தளபதிகளில் ஒருவரான தாமஸ் ஃபேர்ஃபாக்ஸ் யார்க்ஷயர்க்காரர். மின்ஸ்டர் பேராலயத்தின் வண்ணக் கண்ணாடிகள் தப்பியதில் அவருக்குப் பெரிய பங்குண்டு. 1405–1408இல் ஜான் தார்ன்டன் செய்த கிழக்குச் சாளரத்தை நாம் இன்று பார்க்க முடிவது அதனால்தான்.

மின்ஸ்டருக்கு எல்லோரும் போவார்கள், நீங்களும் போவீர்கள். அதற்குமுன் செயிண்ட் மேரி மடாலயத்தின் இடிபாடுகளுக்குப் போங்கள். 1539இல் மூடப்பட்டது. பக்கத்திலேயே கிங்ஸ் மேனர் இருக்கிறது. மடாதிபதி வாழ்ந்த வீடு. ஹென்றி அதை எடுத்துக்கொண்டு வடபகுதியை ஆளும் தன் மன்றத்தை அங்கே வைத்தார். அரைநாளாவது அங்கே செலவிடுங்கள். போய் வந்ததும் எழுதுங்கள்.